முட்டைகள் தாமதமாக வரவில்லை

சர்ச் சந்து, மூன்றாம் எண் வீடு,
அப்பர் டன்னிங் கிராமம்.
ஏப்ரல் 11, வியாழக்கிழமை, காலை டீக்குப் பிறகு.

‘மணிக்கூண்டு’ மாத இதழின் மதிப்புக்குரிய ஆசிரியர் திருமதி ப்ரூடன்ஸ் யெலண்ட் அவர்களுக்கு, லயனல் கட்புஷ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நீங்களும் உங்கள் இடது முழங்காலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கணவர் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுவிட்டார் என்று வேலிக்கு மேலே பார்த்துத் தெரிந்துகொண்டேன், சந்தோஷம். இங்கே நான் நலம். வீட்டில் நான் ஒருவன்தான் என்பதால் எல்லோரும் நலம் என்றும் எழுதலாம். நேற்று மழை பெய்தது, இன்று பெய்கிறது, நாளைக்கும் பெய்யும் என்று வானொலியில் சொன்னார்கள். இத்துடன் மரியாதைகள் முடிந்தன, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மாத இதழின் ஆறாம் பக்கத்தில், காணாமல்போன சக்கரவண்டிக்கும் பூ அலங்காரப் பட்டியலுக்கும் நடுவில், குழந்தைகளுக்கான ஈஸ்டர் முட்டை தேடலைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். தேடல் கொஞ்சம் சீக்கிரமே தொடங்கியது, எல்லோருக்கும் கொண்டாட்டம், ஒரு கோழிக்குஞ்சு பிறந்தது என்பது முதல் மூன்று வரி. அதில் எனக்குச் சண்டை இல்லை, குஞ்சு பிறந்தது உண்மைதான். நாலாவது வரி: ‘திரு. கட்புஷின் சாக்லேட் முட்டைகள் தாமதமாக வந்து சேர்ந்தன.’ இந்த வரிக்காகத்தான் பேனாவை எடுத்தேன். நான் பஸ் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் தொலைந்த பொருள் அலுவலகத்தில் உட்கார்ந்தவன். ஒரு நாள்கூட ஒன்பது ஒன்றுக்கு ஜன்னலைத் திறந்ததில்லை, ஒன்பதுக்குத்தான் திறந்தேன். ஓய்வு பெற்ற பிறகு பதினோரு வருஷமாக இந்த ஊரில் ஈஸ்டர் முட்டைகளை ஒளித்து வைக்கிறேன், ஒரு முட்டைகூட ஒரு நிமிஷம் பிந்தியதில்லை. ஆகவே நடந்தது என்ன என்று வரிசையாக எழுதுகிறேன், படித்துவிட்டு அடுத்த இதழில் திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரியும் என்றாலும் எழுத்தில் இருப்பது நல்லது. ஈஸ்டர் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆராதனை. பிள்ளைகள் எல்லோரும் சர்ச்சுக்குள் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் நான் வெளியே கல்லறைத் தோட்டத்தில் நூற்று நாற்பது சாக்லேட் முட்டைகளை ஒளித்து வைப்பேன். பதினொன்று அடித்ததும் விசில் ஊதுவேன், பிள்ளைகள் ஓடி வருவார்கள். விதி ஒன்றே ஒன்று, பத்து வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். நோட்டீஸில் நானே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன்: ‘சர்ச் மணி பதினொன்று அடித்ததும் தேடல் ஆரம்பம்.’ இந்த வாசகத்தில் ஒரு குற்றமும் கிடையாது. குற்றம் மணியிடம்.

ஒளித்து வைப்பது என்றால் ஏதோ கையில் வந்ததைப் புதருக்குள் எறிவது என்று சிலர் நினைக்கிறார்கள், நீங்கள் நினைக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. தொலைந்த பொருள் அலுவலகத்தில் உட்கார்ந்தால் மனுஷன் எப்படித் தேடுவான் என்று தெரிந்துவிடும். பெரியவர்கள் ஒரு பொருளைக் கடைசியாக வைத்த இடத்தில் தேடுவார்கள், பிள்ளைகள் அது இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிற இடத்தில் தேடுவார்கள். டோபியாஸ் என்ற பையன் குனிந்து மட்டும்தான் பார்ப்பான், அவனுக்கு மரத்தின் வேரடியில். ஓக்லி இரட்டையரில் ஒருத்தி தேடுகிற இடத்தில்தான் மற்றவளும் தேடுவாள், அவர்களுக்கு இரண்டிரண்டாக. பத்தொன்பது பிள்ளைகளையும் நான் இப்படித்தான் மனதில் வைத்துக்கொண்டு ஒளிப்பேன். எனக்குப் பிள்ளைகள் கிடையாது. வருஷத்தில் அந்த ஒரு காலைப்பொழுதுதான் மற்ற நாளில் என் வீட்டுக் கேட்டைச் சத்தமில்லாமல் தாண்டிப்போகிற இந்த ஊர்ப் பிள்ளைகள் என்னைத் தேடி ஓடி வருவார்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

சாக்லேட் முட்டைகள் போக, தங்க முட்டை ஒன்று உண்டு. தங்கம் இல்லை, காலுறை ஓட்டை தைப்பதற்காக உள்ளே வைத்துக்கொள்கிற மர முட்டை, பொன்வர்ணம் அடித்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு வருஷம் தன் வீட்டில் வைத்துக்கொண்டு அடுத்த ஈஸ்டருக்கு முன்னால் திருப்பித் தர வேண்டும். நாலு வருஷமாக அது டார்கஸ் ஃபென் வீட்டில்தான் இருக்கிறது. டார்கஸை உங்களுக்குத் தெரியும், சர்ச்சில் பித்தளை துலக்குகிற ஜேன் ஃபென்னின் மகள், முன்பல் இரண்டும் பெரிதாக இருக்கும், கேள்விகள் அதைவிடப் பெரிதாக இருக்கும். இந்தப் பெண் தேடுவதே இல்லை, ப்ரூடன்ஸ். என் எதிரே வந்து நின்று என் முகத்தைப் பார்ப்பாள். நான் வானத்தைப் பார்ப்பேன். முதல் வருஷம் குழாயடிப் பூவாளிக்குள் வைத்தேன், பதினோரு நிமிஷத்தில் எடுத்தாள். அடுத்த வருஷம் டீ மேஜையில் ரொட்டிக்குள், ஒன்பது நிமிஷம். அதற்கடுத்து மேஜர் ஸ்டால்ப்ராஸின் தொப்பிக்குள், தொப்பி மேஜரின் தலையில் இருக்கும்போதே, ஏழு நிமிஷம். போன வருஷம் என் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தேன். நாலாவது நிமிஷம் வந்து கேட்டாள்.

"இவ்வளவு குளுருதே மிஸ்டர் கட்புஷ், நீங்க மட்டும் ஏன் கையைப் பாக்கெட்டுக்குள்ள விடாம நிக்கிறீங்க?"

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "அடுத்த வருஷமாவது கொஞ்சம் யோசிச்சு ஒளிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வருகிற மே பதினாலாம் தேதி அவளுக்குப் பத்து வயது நிறைகிறது. ஆகவே இந்த ஈஸ்டர்தான் கடைசிப் பந்தயம். ஒரு வருஷம் முழுக்க யோசித்தேன். இந்தத் தடவை வைத்த இடம் எது என்று இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை, ஏனென்றால் முட்டை இன்னும் அங்கேயே இருக்கிறது. யாராலும் கண்டுபிடிக்க முடியாத இடம் என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது கடிகாரம். இந்த வருஷம் ஈஸ்டரும், எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிற கோடைக்கால நேர மாற்றமும் ஒரே ஞாயிறில் வந்து தொலைத்தன. நம் மணிக்கூண்டுக் கடிகாரத்துக்கு உள்ளே முகம் கிடையாது, ஒரு சக்கரம் மட்டும் உண்டு, அதை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வெளியே முள் ஒரு மணி நேரம் முன்னால் போகும். சனிக்கிழமை சாயங்காலம் எப்படிப்பட்ட மூடுபனி என்று ஞாபகம் இருக்கும், கூண்டின் உச்சியே தெரியவில்லை. வாரக்கடைசிக்கு வந்துபோகிற பட்டணத்துக்காரர்கள் புகார் கொடுத்ததிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மணி அடிக்காமல் கொக்கி மாட்டிவிடுகிறோம். ஆக, முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் முடியாது, கேட்கவும் முடியாது. ஆறேகாலுக்கு நம் பாதிரியார் ஹாரியட் மேலே ஏறிப்போய் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். ஆறே முக்காலுக்கு சர்ச் நிர்வாகி மேஜர் ஸ்டால்ப்ராஸ் ஏறிப்போய் இன்னொரு சுற்றுச் சுற்றினார். பாதிரியார் செப்டம்பரில்தான் நம் ஊருக்கு வந்தவர், அவருக்கு இதெல்லாம் தெரியாது என்று மேஜர் நினைத்தார். மேஜருக்கு வயதாகிவிட்டது, மறந்திருப்பார் என்று பாதிரியார் நினைத்தார். ஒருவரை ஒருவர் கேட்டிருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் சொல்லலாம். எப்படிக் கேட்பது? ‘கடிகாரத்தை மாற்றிவிட்டீர்களா’ என்று கேட்டால் ‘நீங்கள் மறந்திருப்பீர்கள்’ என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. அப்பர் டன்னிங்கில் யாரும் அப்படிச் செய்வதில்லை. சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும் பாரிஷ் ஹாலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிலுவை போட்ட பன்னுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டு வானிலையைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள்.

ஞாயிறு காலை எட்டே முக்காலுக்கு மேஜர் இரவு அங்கியோடு வந்து கொக்கியை எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத் தூக்கம் போய்விட்டதே என்று மறுபடி படுக்கப்போனார். ஒன்பது மணிக்குக் கடிகாரம் பதினொன்று அடித்தது. நீங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு பேர் ஒவ்வொரு சுற்றுச் சுற்றியதற்குப் பத்துதான் அடித்திருக்க வேண்டும், மூன்றாவது மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பழைய கடிகாரம், மூடுபனி வேறு, ஈரம் உள்ளே போயிருக்கும். கடையிலும் நான் இதைத்தான் எல்லோரிடமும் சொன்னேன். இதற்கு மேல் அந்த மணி நேரத்தைக் கிளறுவதில் யாருக்கும் லாபம் இல்லை.

அப்போது நான் வீட்டில் சாக்லேட் முட்டைகளைக் கூடையிலிருந்து மூன்று அளவாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். பதினொன்று அடித்தது காதில் விழுந்தது. என் கைக்கடிகாரம் ஒன்பது என்றது. நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் பாதிரியார் வீட்டுக் கதவைத் தட்டி ‘உங்கள் கடிகாரம் சரியில்லை’ என்று சொல்வது எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். ஊரில் எல்லாப் பெரியவர்களும் கேட்டார்களாம், எல்லோரும் தங்கள் போனைப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்களாம். பிள்ளைகள் மட்டும் நோட்டீஸை நம்பினார்கள். பத்தொன்பது பிள்ளைகளும் பைஜாமாவோடு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு, மூடுபனிக்குள்ளே கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அங்கே ஒரு முட்டையும் இல்லை, எப்படி இருக்கும், நூற்று நாற்பதும் என் சாப்பாட்டு மேஜையில் இருக்கின்றன. கால் மணி நேரம் தேடிய பிறகு டார்கஸ் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்ன வார்த்தையை ஜேன் பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

"கடைசியில மிஸ்டர் கட்புஷுக்கு மூளை வேலை செஞ்சிருக்கு."

நாலு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை, ப்ரூடன்ஸ். நான் எதுவுமே செய்யாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. அதற்கப்புறம் அவள் ஒரு கல்லறைமேல் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். முட்டையை வைத்தால் யாரும் சந்தேகப்படாத இடம் எது? முட்டைக்கு நடுவில். உடனே பத்தொன்பது பேரும் வடக்குச் சுவரில் இருக்கிற படிக்கல்லில் ஏறி அந்தப் பக்கம் மேஜரின் கோழிக்கூண்டுக்குள் இறங்கிவிட்டார்கள். கூண்டில் இருந்த முட்டை பதினைந்து, அடைகாத்துக்கொண்டிருந்த கோழிக்கு அடியில் இருந்த முட்டை பதினொன்று. கோழி கொஞ்சம் எதிர்ப்புத் தெரிவித்தது, டோபியாஸ் அதை மரியாதையாகத் தூக்கிப் பக்கத்தில் வைத்தான் என்கிறார்கள். சத்தம் கேட்டு மேஜர் அங்கியோடு ஓடி வந்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"முட்டை தேடுறோம் மேஜர்."

"அது என்னோட முட்டைம்மா."

"தெரியும். உங்க இடத்தை இதுக்காக விட்டுக் குடுத்திருக்கீங்க பாருங்க, அது பெரிய விஷயம். ரொம்ப தேங்க்ஸ்" என்றாள் டார்கஸ். உடனே பத்தொன்பது பேரும் ஒரே குரலில் தேங்க்ஸ் சொன்னார்கள், அப்படி வளர்த்திருக்கிறோம். நன்றி சொன்ன பிறகு பொருளைத் திருப்பிக் கேட்கிற மனுஷன் இந்த ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை. மேஜர் இரண்டு போரிலிருந்து ஊருக்குத் திரும்பியவர் என்று சொல்லிக்கொள்வார், அன்றைக்கு அவர், "அட, இதுல என்ன இருக்கு, எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, முட்டையைப் பறிகொடுத்த கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பத்து மணிக்குப் பிள்ளைகள் பைஜாமாவுக்கு மேலே கோட்டை மாட்டிக்கொண்டு முட்டைக் கூடைகளோடு சர்ச்சுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். நான் உள்ளே இல்லை, வெளியே வேலையில் இருந்தேன், இவர்கள் கூடைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டோபியாஸ் தன் கம்பளித் தொப்பிக்குள் நாலு முட்டைகளைப் போட்டு, வெந்நீர்க் குழாய் மேல் வைத்திருக்கிறான். பாதிரியார் பிரசங்கத்தில், பெண்கள் விடியற்காலையில் கல்லறைக்குப் போய்ப் பார்த்தபோது அது காலியாக இருந்தது என்று சொல்லி நிறுத்தினார். அந்த இடைவெளியில் தொப்பிக்குள்ளிருந்து ‘கீச்’ என்று ஒரு குரல் வந்தது. சபையில் நாற்பது பேர், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிரசங்கத்தின்போது திரும்பிப் பார்ப்பது அழகல்ல. இன்னொரு ‘கீச்’ வந்தது. பாதிரியார் கொஞ்சம் யோசித்துவிட்டு "அல்லேலூயா" என்றார், நாற்பது பேரும் அச்சிட்ட தாளைப் பார்த்து "அல்லேலூயா" என்றார்கள். இதை நீங்கள் நேரில் பார்த்தீர்கள், நான் பார்க்கவில்லை, அதனால் சுருக்கமாக விடுகிறேன்.

நான் பார்த்தது இதுதான். பத்து ஐம்பதுக்கு நூற்று நாற்பதாவது முட்டையை வைத்தேன். மூடுபனி விலகி வெயில் வந்திருந்தது, வர்ணக் காகிதத்தில் முட்டைகள் புல்லுக்குள் மினுங்கின, பதினோரு வருஷத்தில் இவ்வளவு நன்றாக நான் ஒளித்ததில்லை. பதினொன்றுக்கு யூ மரத்தின் பின்னால் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். கடிகாரம் ஒன்று அடித்தது. ஒரே ஒரு அடி. சர்ச் கதவு திறந்தது, எல்லோரும் வெளியே வந்தார்கள், வந்தவர்கள் அப்படியே குஞ்சைத் தூக்கிக்கொண்டு பாதிரியார் வீட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை தேடல் முடிந்துவிட்டது. நான் விசில் ஊதினேன். ஆர்கன் வாசிக்கிறவரின் நாய் வந்தது. நாய்க்குச் சாக்லேட் ஆகாது, அதைப் பிடித்து வேலியில் கட்டினேன். பதினொன்றே முக்கால் வரைக்கும் நின்றேன். எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு குனிந்து நூற்று நாற்பது முட்டைகளையும் நானே தேடினேன். மூன்று முட்டைகளை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை, அவ்வளவு நன்றாக வைத்திருந்தேன்.

மிச்சத்தை இரண்டு பையில் போட்டுக்கொண்டு பாதிரியார் வீட்டுச் சமையலறைக்குப் போனேன். எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்று அட்டைப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டார்கஸ் குஞ்சுக்குப் பெட்டி செய்கிற மும்முரத்தில் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள்தான் பார்த்தீர்கள்.

"அடடே லயனல், இப்பதான் வர்றீங்களா?"

"ஆமா ப்ரூடன்ஸ், கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றேன்.

இதை நீங்கள் செய்தியாக எடுத்துக்கொண்டீர்கள். அது செய்தி இல்லை, மரியாதை. அறைக்குள் இத்தனை பேர் சந்தோஷமாக நிற்கும்போது ‘இல்லை, நான் சரியான நேரத்துக்கு வந்தேன், நீங்கள் எல்லோரும் இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிட்டீர்கள்’ என்று எப்படிச் சொல்வது? நீங்கள் இந்த ஊரில் பிறந்தவர், உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டாமா? இந்தப் பாழாய்ப்போன மரியாதையால்தான் கடிகாரமும் போச்சு, கோழியும் போச்சு, என் மானமும் போச்சு, என்னத்தைச் சொல்ல. அன்றைக்கு ஒரு வாய் காபி குடித்துவிட்டு, குஞ்சு அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பைகளோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே நான் கேட்பது இரண்டே விஷயம். நாலாவது வரியைத் திருத்த வேண்டும், முட்டைகள் நேரத்துக்கு வந்தன, ஊர்தான் முந்திவிட்டது என்று போட வேண்டும். அடுத்தது, முறைப்படி பார்த்தால் இந்த வருஷம் தேடலே நடக்கவில்லை, நடந்தது கோழிக்கூண்டில் புகுந்த திருட்டு. எனவே இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு மறுபடி ஒரு தேடல் வைக்க வேண்டும் என்று உங்கள் இதழ் மூலம் கோருகிறேன். மே பதினாலுக்கு முன்னால் நடந்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகு நடத்தினால் எனக்கு அதில் அக்கறை இல்லை. அந்தத் தங்க முட்டையை அவள் தேடி, கிடைக்காமல், என்னிடம் வந்து ‘எங்க வெச்சீங்க’ என்று கேட்க வேண்டும். ஒரு தடவை கேட்டால் போதும். பேராசை என்று நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் முழங்கால் வெயில் வருவதற்குள் மடங்கவும் நிமிரவும் ஆண்டவர் அருள்வாராக. கணவருக்கும் பீன்ஸுக்கும் என் அன்பைச் சொல்லவும். உங்கள் பூனை என் வெங்காயப் பாத்தியில்தான் படுத்திருக்கிறது, தேட வேண்டாம்.

என்றும் தங்கள் உண்மையுள்ள,
லயனல் கட்புஷ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கதவு மணி அடித்தது. ஜேன் ஃபென்னும் டார்கஸும் நனைந்த கோட்டோடு நின்றார்கள். உள்ளே வந்ததும் டார்கஸ் கோட்டுப் பையிலிருந்து தங்க முட்டையை எடுத்து இந்தக் கடிதத்தின் மேலேயே வைத்தாள், மேலே பார்த்தால் ஈர வட்டம் தெரியும். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"பாதிரியாரைக் கேட்டேன், ஒரு மணி நேரம் தள்ளி வெச்சேன்னாங்க. மேஜரைக் கேட்டேன், அவரும் ஒரு மணி நேரம்னாரு. ஆனா மணி மூணு மணி நேரம் தள்ளிப் போயிருந்துச்சு. நீங்க கடையில எல்லார்கிட்டயும் ஈரம்னு சொன்னீங்களாம். ஈரம்னா அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் தப்பா ஓடும். சரியா ஒரு மணி நேரம் தப்பா ஓடணும்னா அதுக்கு ஒரு ஆள் வேணும். மூணாவதா ஒருத்தர் மேல போயிருக்காரு. எதுக்குப் போனாரு, அதை ஏன் மறைக்கிறாருன்னு யோசிச்சேன்."

உண்மைதான், ப்ரூடன்ஸ். சனிக்கிழமை ஏழு மணிக்குத் தங்க முட்டையைக் கடிகாரப் பெட்டிக்குள் கட்டித் தொங்கவிடத்தான் மேலே போனேன். சக்கரம் கண்ணில் பட்டது. பாதிரியார் புதுசு, மேஜருக்கு ஞாபகம் இருக்காது, நாம்தான் செய்ய வேண்டும் என்று நினைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். இரண்டு பேரையும் பாரிஷ் ஹாலில் போய்ப் பார்த்தேன். வெண்ணெய் தடவ நானும் உட்கார்ந்தேன். கேட்கவில்லை.

"அப்போ நீயே ஏறிப் போய் எடுத்தியா?" என்று கேட்டேன்.

"நான் எப்படிப் போவேன்? கூண்டுப் படியில குழந்தைங்க ஏறக் கூடாதுன்னு போர்டு இருக்கு. கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு. அம்மாதான் போனாங்க. குழந்தைங்க போகக் கூடாத இடத்துல ஒளிச்சு வெச்சது தப்பாட்டம். இந்த முட்டை செல்லாது."

"அப்போ நான் தோத்துட்டேனா?"

"யாரும் ஜெயிக்கல" என்றாள். பேசிக்கொண்டே என் அலமாரியிலிருந்த சாக்லேட் முட்டையில் இரண்டைத் தின்று முடித்திருந்தாள். "ஆனா நல்ல இடம். நானா யோசிச்சிருந்தா தோணியிருக்காது. நீங்க சக்கரத்தைத் தொடாம வந்திருந்தீங்கன்னா நான் உங்ககிட்ட வந்து கேட்டிருப்பேன்."

பிறகு அவள், தனக்கு மே மாசம் பத்து ஆகிவிடுகிறது, அதனால் அடுத்த வருஷம் தான் ஒளித்து வைப்பதாகவும் நான் தேட வேண்டும் என்றும் சொன்னாள். பத்து வயதுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே என்றேன்.

"அடுத்த ஈஸ்டருக்கு உங்களுக்கு என்ன வயசு?"

"எழுபத்திரண்டு."

விரலை மடக்கினாள். "ஏழும் ரெண்டும் ஒன்பது. சரியா வருது."

எனவே மேலே எழுதிய எதையும் அச்சிட வேண்டாம். முட்டைகள் தாமதமாக வந்தன என்பது அப்படியே இருக்கட்டும். மூன்று மணி நேரத்தில் ஒன்று என்னுடையது என்று பாதிரியாரிடமும் மேஜரிடமும் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன், முடிந்தால் இன்றைக்கே. அடுத்த இதழில் ஒரு வரி போட்டால் போதும்: ‘வரும் வருஷ ஈஸ்டர் தேடலில் முட்டைகளை ஒளிப்பவர் செல்வி டார்கஸ் ஃபென்.’ இன்னொரு உதவி. உங்கள் வீட்டில் கைப்பிடி உள்ள சின்னக் கூடை ஏதாவது சும்மா கிடந்தால் எனக்கு எடுத்து வையுங்கள். இருக்கிற கூடை ஒளிக்கப் போகிறவள் கைக்குப் போய்விட்டது. தேடுகிறவனுக்கு என்று ஒரு கூடை எனக்கு இதுவரை தேவைப்பட்டதில்லை.

லை. க.